முப்பது குமிழ்களும் ஒரு ரசமட்டமும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் பன்னிரண்டாம் தேதி நீங்கள் அனுப்பிய நான்கு வரிச் செய்தியைப் பார்த்த பிறகு அங்கே யாரும் நலமாக இல்லை என்று தெரிந்துவிட்டதால், தெரிந்ததையே கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

"மாமா, நாங்க திரும்பவும் அந்த ஊருக்கே மாத்தல் வாங்கிட்டு வர்றது அத்தைக்குப் பிடிக்கலன்னா பரவாயில்ல. அவ கேட்டதுக்கு அத்தை மூணு தடவையும் 'பாத்துக்கலாம், பாத்துக்கலாம்'னு தள்ளி விட்டாங்களாம். அவ அன்னைக்கெல்லாம் சாப்பிடல. முப்பதாம் தேதிக்குள்ள நான் ஆபீஸ்ல பதில் சொல்லணும், இங்கேயே இருந்துக்கறேன்னு சொல்லிடறேன்" என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்படிச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அத்தை மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுவதும் என் மேல். இன்னும் துல்லியமாகச் சொன்னால், என் கையில் இருந்த ரசமட்டத்தின் மேல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை கூப்பிட்டேன். நீங்கள் ஒலிப்பதிவு வேலை என்று ஒலிக்கூடத்துக்குள் போனை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான்காவது தடவை என் மகள் எடுத்து, "விடுங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு உங்கள் அத்தையும் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். "என் விஷயத்தைச் சொல்லித்தான் ஆகணும்னா எழுதுங்க. வாயால சொல்லாதீங்க. நீங்க வாயால சொன்னா அது வேற விஷயமாப் போயிடும்." முப்பத்தாறு வருட அனுபவத்தில் பேசுகிறாள், மறுக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். போன தடவை வந்தபோது கூடத்து அலமாரியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, கிராஃபிக் ஈக்வலைசர் என்று அதற்குப் பெயரும் சொல்லி, உங்கள் அத்தையின் போனில் வரும் குரல் அதன் வழியாக இரண்டு ஸ்பீக்கரிலும் வரும்படி செய்துவிட்டுப் போனீர்கள். "அத்தை வேலை செஞ்சுக்கிட்டே பேசலாம்" என்றீர்கள், நானும் நம்பினேன். அன்றைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு குமிழாக நகத்தளவு ஏற்றி, நகத்தளவு இறக்கி, "இப்ப எப்படி இருக்கு அத்தை? இப்ப?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, லீவில் வந்தும் மனுஷனுக்குக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறதே என்று நினைத்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேப்பரில் என்ன செய்தி இருந்தது என்பதுகூட இப்போது நினைவில்லை.

எட்டாம் தேதி காலை அலமாரியைத் துடைக்கப் போனேன். பெட்டியின் முகப்பை ஈரத் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், மேலே பதினைந்து, கீழே பதினைந்து, ஆக முப்பது குமிழ்களும் ஆளுக்கொரு உயரத்தில் நிற்கின்றன. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, கடைசிப் பக்கம் நாலைந்து மட்டும் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு. நான் முப்பத்துமூன்று வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். தராசு முள் நடுவில் நிற்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பெட்டியில் நட்ட நடுவில் பூஜ்யம் என்று கோடு போட்டு அச்சடித்திருக்கிறார்கள், ஒரு குமிழ்கூட அந்தப் பூஜ்யத்தில் இல்லை. அடியில் இருந்த எண்களோ அதைவிட மோசம். 25, அடுத்து 40, அடுத்து 63. இப்படி ஒரு படிக்கல் வரிசையை எந்தக் கடையிலாவது பார்த்திருந்தால் அன்றைக்கே பறிமுதல் செய்திருப்பேன். சரி, தொழிற்சாலைத் தப்பை நாம் திருத்த முடியாது, குமிழையாவது திருத்துவோம் என்று உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துவந்து, பெட்டியின் மேல் வைத்து, முப்பது குமிழையும் பூஜ்யத்தில் ஒரே கோட்டில் நிறுத்தினேன். ரசமட்டத்துக்குள் இருக்கும் காற்றுக் குமிழியும் நடுவில் வந்து நின்றது. ஓய்வுபெற்ற பிறகு அவ்வளவு திருப்தி எனக்கு எதிலும் கிடைத்ததில்லை.

அன்று மாலைதான் என் மகள் கூப்பிட்டிருக்கிறாள். உங்கள் அத்தை துணி மடித்துக்கொண்டே பேசினாள். நான் எதிரே உட்கார்ந்து பெட்டியின் நேர்த்தியை ரசித்துக்கொண்டிருந்தேனே தவிர, என்ன பேசினார்கள் என்று காது கொடுக்கவில்லை. ஒருவர் காது கேட்கவில்லை என்றால் இன்னொருவர் காது கவனிக்கவில்லை. வீட்டில் நாலு காது இருந்தும் பிள்ளை கேட்ட கேள்வி கூடத்தில் அநாதையாகக் கிடந்திருக்கிறது.

உங்கள் செய்தி வந்ததும் நான் போய் உங்கள் அத்தையைக் கேட்டேன். "ஏம்மா, அவ இங்க வந்துடலாமான்னு கேட்டதுக்கு ஏன் அப்படிச் சொன்னே?" அவள் கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"எப்ப கேட்டா?"

"எட்டாம் தேதி. மூணு தடவை."

"கேக்கவே இல்லையே! வாயில பஞ்சை வச்சுக்கிட்டுப் பேசற மாதிரில்ல பேசினா. என் மேல என்னவோ கோபம், வேணும்னே முணுமுணுக்கிறா, நாம என்ன சொல்றதுன்னு 'பாத்துக்கலாம்'னேன்."

அதாவது மாப்பிள்ளை, மகள் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருக்கிறாள், அம்மா மகளுக்குக் கோபம் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி சமாதானம் செய்யட்டும் என்று போன் பக்கமே போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பிடிவாதத்தில் தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. எனக்குச் சட்டென்று பெட்டி ஞாபகம் வந்தது. ரசமட்டமும் ஞாபகம் வந்தது.

கலைத்ததைத் திரும்ப வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எது எங்கே இருந்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. சரி, சோதித்துக் கண்டுபிடிப்போம், அதுதானே நம் தொழில் என்று, உங்கள் அத்தையின் போனில் மகள் என்றைக்கோ பேசி அனுப்பிய பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்தேன். "அம்மா, சாவியைச் செருப்பு அலமாரிக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன், தேடாத." இவ்வளவுதான். இதை ஓட விட்டு, ஒரு குமிழை ஏற்றுவது, உங்கள் அத்தையைப் பார்ப்பது, நன்றாக இருந்தால் அவள் கை தூக்க வேண்டும். முதல் நாள் அவள் முப்பது குமிழுக்கும் கை தூக்கினாள். சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து வந்தேன். மறுபடியும் முப்பதுக்கும் தூக்கினாள். "உண்மையாவே எல்லாமே நல்லா இருக்கா?" என்று கேட்டால், "அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம் முடிங்க" என்கிறாள். சாட்சி சரியில்லை என்று வெளியாட்களைக் கூப்பிட முடிவு செய்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான்.

மாடி வீட்டுத் தையல்காரர் வந்தார். ஒரு தடவை கேட்டுவிட்டு, "சார், கனம் பத்தல. சத்தம்னா வயித்துல வந்து இறங்கணும். அந்த முதல் ரெண்டைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி, "இதான் சார், இதான்" என்றார். அவர் படி ஏறி மேலே போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மேலிருந்தே குரல் கொடுக்கிறார்: "சார், கொஞ்சம் குறைங்க! தரையெல்லாம் அதிருது, ஊசி கோணலா இறங்குது!" குறைத்தேன். "இப்ப தையல் நேரா விழுது!" என்றார். அந்த நுணுக்கத்தைப் பார்த்து எனக்கே மெய்சிலிர்த்தது.

மறுநாள் எதிர் வீட்டுப் பாட்டு டீச்சர் வந்தார். அவருக்குக் கேள்வி ஞானம் அதிகம், அதைச் சொல்வதற்குக் கூச்சம் குறைவு. உட்காரும் முன்பே, "ஐயோ, மூக்கடைச்ச சத்தம்! நடுவுல இருக்கறதையெல்லாம் இறக்குங்க" என்றார். நடுவில் ஐந்தை இறக்கினேன். "ம்ம், சளி இறங்கிடுச்சு. இன்னும் ஒண்ணு. போதும் போதும், ரொம்ப இறக்கிட்டீங்க, பாருங்க, பொண்ணுக்குத் தொண்டை வறண்டு போச்சு" என்றார். அதே நேரம் தையல்காரரும் இறங்கி வந்துவிட்டார். ஒன்பதாவது குமிழ் ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று இருவருக்கும் பேச்சு தடித்து, "துணி வெட்டறவருக்குச் சுருதி என்ன தெரியும்?" என்று அவர் கேட்க, "போன மாசம் ரவிக்கை தைக்கக் குடுத்தப்ப மட்டும் என் கை தெரிஞ்சுதா?" என்று இவர் கேட்க, இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ரவிக்கையும் பாதியில் நிற்கிறதாம். இத்தனைக்கும் நடுவில் உங்கள் அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து, இரண்டு பேர் சொல்வதற்கும் "ஆமாமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதிரெதிராகச் சொல்கிறார்கள், இவள் எப்படி இரண்டுக்கும் ஆமாம் போடுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு, முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்து, "அவ என்ன சொல்றா, சொல்லு பாப்போம்" என்றேன். பதிவை ஓட விட்டேன். இன்னொரு தடவை ஓட விட்டேன். "செவிடன் காதில்" என்று தொடங்கும் அந்தப் பழமொழி என் வாய் வரை வந்தது மாப்பிள்ளை, சத்தியமாக வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கேக்கலங்க. ஒரு வருஷமாவே சரியாக் கேக்கல. நீங்க பேசினா கேக்குது, உங்க குரல் கட்டைக் குரல். பொம்பளைங்க குரல்தான் பாதி பாதியா வருது. மாப்பிள்ளைக்குத் தெரியும். அவரா கண்டுபிடிச்சார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அதுக்குத்தான் அந்தப் பெட்டி. மெல்லிசுக் குரலை மட்டும் தூக்கிக் குடுக்குமாம்."

முப்பத்துமூன்று வருடம் ஊரார் தராசில் ஒரு மயிரிழை குறைந்தாலும் கண்டுபிடித்தவன் நான். என் வீட்டில் ஒரு வருடமாகக் குறைந்துகொண்டிருந்தது தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் பெரிய மனிதர் மாப்பிள்ளை. அவள் மானம் காத்து, ரகசியமும் காத்து, என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் ரசமட்டம் வைத்து அதை அழித்தேன்.

அதன் பிறகு தினமும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தோம். பதிவை ஒரு வார்த்தை ஓட விடுவேன், நிறுத்துவேன், அவளுக்கு எது வந்தது, எது வரவில்லை என்று எழுதிக்கொள்வேன், பிறகு அவள் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையை நானே நிதானமாகச் சொல்வேன், ஒரு குமிழை ஏற்றுவேன், மறுபடி ஓட விடுவேன். உயிரெழுத்தெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்துவிடுகிறது, சாவியில் 'சா' வராது, செருப்பில் 'செ' வராது. நடுவில் பேச்சு வேறு எங்கெங்கோ போய்விடும். கல்யாணமான புதிதில் நான் வாங்கிவந்த குடை, மகள் முதல் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று இவள் வாசலிலேயே நின்ற மூன்று மணி நேரம், எல்லாம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் தெரிந்தது. நேற்று மாலை, இரண்டு வரிசையிலும் முதல் எட்டுக் குமிழ்களைத் தரையில் விட்டு, ஒன்பதாவதிலிருந்து கடைசி வரை உச்சியில் ஏற்றியபோது, அவள் ஒரு எழுத்து விடாமல் அப்படியே சொன்னாள்: "அம்மா, சாவியைச் செருப்பு அலமாரிக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன், தேடாத." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி யாரும், முக்கியமாக நான், கை வைக்கக் கூடாது என்று அரக்கை உருக்கி முப்பது குமிழ்களுக்கும் சொட்டு வைத்து, முத்திரைக்குப் பதிலாக என் கட்டைவிரலை அழுத்தி உறுதி செய்துவிட்டேன். விரல் சுட்டுவிட்டது, அது வேறு விஷயம்.

ஆகவே மாப்பிள்ளை, என் மகளிடம் சொல்லுங்கள். அவள் அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வியே போய்ச் சேரவில்லை. வியாழக்கிழமை காது டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், அவளே சம்மதித்து நேரம் வாங்கச் சொன்னாள். காதில் வைக்கும் கருவி எழுதிக் கொடுத்தால், கூந்தலுக்குள் மறைகிற மாதிரி வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கோரிக்கை. இந்தக் கடிதம் இருபத்தாறாம் தேதி கிடைத்துவிடும். முப்பதுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாருங்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்தும் வந்துவிட்டேன். தரை கொஞ்சம் மேற்குப் பக்கம் சாய்வு, அதை நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்று உறுதி தருகிறேன்.

உங்கள் இருவர் வீட்டிலும் வாக்கிலும் நிறைவு இருக்கட்டும். சொல்கிறவர் சொன்னதும் கேட்கிறவர் கேட்டதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று இருவரும் சேர்ந்து ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது உங்கள் அத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் ஓரத்தில் ஒரு பொத்தானைக் காட்டினாள். "இதை அழுத்தினா ஒரு பச்சை விளக்கு எரியும். அது எரிஞ்சாத்தான் சத்தம் இந்தக் குமிழுக்குள்ள போகும், இல்லன்னா பெட்டியைச் சுத்திக்கிட்டு நேரா ஸ்பீக்கருக்குப் போயிடும்னு மாப்பிள்ளை சொன்னாரே. நீங்க அன்னைக்குத் துடைச்சப்பவே இது அணைஞ்சிருக்கு." அதாவது மாப்பிள்ளை, இரண்டு வாரமாக என் முப்பது குமிழ்களுக்கும் சத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தையல்காரரின் ஊசி எதற்கு நடுங்கியது, பாட்டு டீச்சருக்கு எந்தச் சளி இறங்கியது என்று எனக்குப் புரியவில்லை. ரவிக்கை வீணாகப் பாதியில் நிற்கிறது. "அப்ப நேத்து உனக்கு எப்படி முழுசாக் கேட்டுச்சு?" என்றேன். "நாப்பது தடவை ஓட விட்டா சுவருக்கே மனப்பாடமாயிருக்கும். போதாததுக்கு நீங்க வேற மூஞ்சிக்கு நேரா உக்காந்து வாயை அசைச்சு அசைச்சுச் சொன்னீங்க" என்றாள். விளக்கு எரியாததை நாலு நாள் முன்னாலேயே பார்த்துவிட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா எழுந்து போயிடுவீங்க. இத்தனை வருஷத்துல நீங்க எனக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்ததே இல்ல, இன்னும் ரெண்டு நாள் உக்காரட்டும்னு இருந்தேன்" என்கிறாள். பொத்தானை அழுத்திப் பதிவை ஓட விட்டேன். என் மகள் குரல் சாணைக்கல்லில் கத்தி தீட்டுகிற மாதிரி வந்தது. உங்கள் அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "கேக்குது, நல்லாக் கேக்குது, நிறுத்துங்க!" என்றாள். மேலிருந்து தையல்காரர், "சார், நேத்து இருந்ததுதான் அருமை, அதையே வைங்க!" என்று கத்தினார். வைக்க வழியில்லை, முப்பதிலும் அரக்கு இறுகிவிட்டது. கடைசியில் உங்கள் அத்தை பெட்டியை அணைத்துவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். போனைக் காதில் வைத்து மகளைத் தானே கூப்பிட்டாள். "அம்மாடி, எனக்குக் காது சரியாக் கேக்கல. கோபமெல்லாம் இல்ல. அன்னைக்குக் கேட்டதை இன்னொரு தடவை மெதுவாக் கேளு" என்றாள். மெதுவாகக் கேட்டாள் போலிருக்கிறது. "வாங்க, நாளைக்கே வாங்க" என்று இவள் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கும். இந்தக் கடிதம் இனி எதற்கும் தேவையில்லை, எழுதிய உழைப்புக்காக அனுப்புகிறேன். அப்புறம் மகள் "அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டிருக்கிறாள். உங்கள் அத்தை போனை என் பக்கம் நீட்டினாள். எனக்குத் தொண்டையில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே போனை வாங்கி, "இப்ப உங்கப்பாவுக்குத்தான் சத்தம் வரல. நீ வா, சரியாயிடும்" என்றாள்.